சட்ட உதவி ஊருக்குள் வர வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
உழைக்கும் பெண்கள் சங்கத்தினர், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
1. முதன்மை மாவட்ட நீதிபதி மற்றும் தலைவர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, புதுக்கோட்டை.
2. மாவட்ட ஆட்சித் தலைவர், புதுக்கோட்டை.

பொருள்: இலவச சட்ட உதவியை ஊராட்சி அளவில் கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அரசியலமைப்பில் சேர்ந்த 39அ பிரிவின் கட்டளை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் வழக்கறிஞரைத் தருகிறது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் உதவி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தேவையோ அதற்கு வெகு முன்பே ஊரில் எழுகிறது. கல்குவாரியில் கூலியைப் பிடித்துக்கொள்ளும்போதும், கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்க நினைக்கும்போதும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு வீட்டார் திகைத்து நிற்கும்போதும் அந்த நாளிலேயே சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். 2022 டிசம்பரில் இம்மாவட்டத்தின் வேங்கைவயல் கிராமக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிவந்தபின் நீண்ட விசாரணையில் சாதாரண மக்களிடம் ரத்த மாதிரி வரை கேட்கப்பட்டது. எதற்கு உடன்படலாம், எதை மறுக்கலாம் என்று எடுத்துச்சொல்ல அத்தகைய வேளையில் ஆள் இருந்தாக வேண்டும்.

தேவைப்படுவோர் விண்ணப்பிக்கட்டும், சட்ட உதவிக்கு 15100 என்ற இலவச எண் இருக்கிறதே எனலாம். உரிமை இருப்பதே அறியாதவர் எப்படிக் கேட்பார்? குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதற்காகச் சட்ட உதவியை மறுக்க முடியாது என்று சுக் தாஸ் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம மக்களிடம் சட்ட அறிவைப் பரப்புவதும் சட்ட உதவியின் கடமை என்றது. நிதியில்லை என்ற பதிலும் நிற்காது. நிதிநிலையைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்று பீகாரின் காத்ரி வழக்கில் 1981இலேயே கூறப்பட்டுவிட்டது.

உதவி எளிதானால் வழக்குகள் பெருகும் என்ற அச்சத்தையும் மதித்தே பதில் சொல்கிறோம். தொடக்கத்திலேயே சரியான ஆலோசனை கிடைத்தால் பல தகராறுகள் வழக்காகாமலே தீரும். வழக்கானாலும், சமரசமாக மக்கள் நீதிமன்றத்தில் முடியும் வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஊரில் இந்த உதவியைத் தொடங்கிவைக்கக்கூடிய, ஆணைக்குழுவிடம் பயிற்சி பெறும் சட்டத் தன்னார்வலர்கள் வழக்கறிஞர்கள் அல்லர் என்பது உண்மை. வாதாடுவது அவர்கள் வேலையுமல்ல. மனு எழுதித் தருவதும், உரிய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதும், வழக்கறிஞரிடம் சேர்ப்பதுமே அவர்கள் பணி. தன்னார்வலர்களால் இது நடக்குமா என்று இந்த மாவட்டத்தில் எவரும் கேட்க வேண்டியதில்லை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் தன்னார்வலர்களைக் கொண்டே ஊர் ஊராக எழுத்தறிவைக் கொண்டுசென்றது. கல்லுடைக்கும் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், குவாரிக் குத்தகையும் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அது நடந்திராது. எழுத்து ஊருக்கு வந்த வழியில் சட்டமும் வர முடியும்.

ஆகவே நாங்கள் கோருவது:

1. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கிராம சட்ட உதவி மையங்களைத் திறந்து, குறித்த நாளில் வழக்கறிஞர் அங்கு வர ஏற்பாடு செய்ய வேண்டும்.
2. குவாரித் தொழிலாளர், மீனவர், பட்டியல் சாதிக் குடியிருப்புகளிலிருந்து பெண்களைச் சட்டத் தன்னார்வலர்களாகத் தேர்ந்து, பயிற்சியும் உரிய மதிப்பூதியமும் தர வேண்டும்.
3. காவல் நிலையங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.
4. எத்தனை பேர் உதவி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை வட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. சட்டம் ஏற்கெனவே தந்த உரிமைகள். அவற்றை எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்க உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்
இடம்: புதுக்கோட்டை