மங்கலச் சொல்லும் அமங்கலப் பெண்ணும்

சந்திர ஆண்டு முடிகின்ற இரவில் சீனக் குடும்பத்தார் ஒன்றுகூடி உண்ணும் விருந்திலே ஒரு முழு மீன் இடம்பெறும். அதனை எவரும் உண்டு தீர்ப்பதில்லை. ஒரு பகுதியையேனும் மறுநாளுக்கென விட்டுவைப்பர். சீன மொழியில் மீனுக்கு ‘யூ’ என்று பெயர். மிச்சம் என்னும் பொருள்தரும் சொல்லும் ‘யூ’ என்றே ஒலிக்கும். மீன் மிஞ்சினால் வீட்டிற் பொருளும் மிஞ்சும் என்பது கருத்து. காரணம் இவ்வளவே.

நம்மிடையேயுள்ள பகுத்தறிவாளர் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். நகைப்பதற்குமுன் இன்னுஞ் சிலவற்றையும் கேட்டுக்கொள்வது நன்று. நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃபூ’ என்னும் எழுத்தைச் சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவது புத்தாண்டு வழக்கம். அதனைப் பலர் வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டுவர். ‘தலைகீழானது’ என்பதற்கும் ‘வந்து சேர்ந்தது’ என்பதற்கும் உரிய சொற்கள் இரண்டும் ‘தாவ்’ என்ற ஒரே ஒலியுடையன. வாயிலில் வந்து நிற்கும் சிறுவன், “உங்கள் ஃபூ தலைகீழாயிருக்கிறதே!” என்று கூவுவானாயின், நற்பேறு வந்துவிட்டதென்று அவன் தன் வாயாலேயே வாழ்த்தியவனாகின்றான். பசையரிசி மாவிற் செய்யும் ‘நியன் காவ்’ என்னும் பலகாரத்தின் பெயரை ‘ஆண்டுக்காண்டு உயர்வு’ என்றும் செவி கேட்கும். அன்றைய நாளிற் கிண்ணமொன்று கைதவறி உடைந்தால் வீட்டார் பதறுவதில்லை. ‘சுயி சுயி பிங் ஆன்’ என்று ஒருவர் உடனே சொல்லிவிடுவார். ஆண்டுதோறும் அமைதி நிலவுக என்பது அதன் பொருள். ‘சுயி’ என்பது ஆண்டையும் குறிக்கும், உடைவையும் குறிக்கும். தீய சகுனம் ஒன்று, சொல் திரும்பியதும் வாழ்த்தாகத் திரும்பிவிட்டது.

நூலோடு உறவாடும் நம்மைப் போன்றோர்க்குச் சற்று வருத்தந்தரும் வழக்கமும் ஒன்றுண்டு. கன்டன் பகுதி மக்களின் பேச்சில் நூலுக்குரிய சொல்லும் தோல்விக்குரிய சொல்லும் ஒலியால் ஒன்றே. ஆதலின் புத்தாண்டு நாளிற் புத்தகத்தைப் பரிசளித்தல் அங்கே உகந்ததன்று. பஞ்சாங்கத்தின் பெயரிற்கூட ‘நூல்’ என்ற சொல்லை நீக்கி ‘வெற்றி’ என்ற சொல்லை இட்டு வழங்குகின்றனர். பஞ்சாங்கமும் ஒரு நூல்தானே என்று அவர்களோடு வாதிடுதல் வீண்.

இவற்றை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. மீனின் வாற்பகுதியைத் தட்டில் விட்டுவைத்த பாட்டி, நாளைக் காலையில் அதிலிருந்து பொன் உதிரும் என்று எண்ணுகிறவளல்லள். அவள் ஆடுவது சொல்லாட்டம். ஒலிகள் சிலவாகவும் பொருள்கள் பலவாகவும் அமைந்த ஓரசைச் சொற்கள் மலிந்த மொழியில் சிலேடை விளைவதற்குத் தனி உழவு வேண்டுவதில்லை. செத்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கலம் என்று வகுத்த இலக்கண மரபில் வந்த நமக்கு இவ்வுணர்ச்சி விளங்காததன்று. நம்மவரிடையே சிலேடை காளமேகத்தோடு அவைக்களத்தில் நின்றது. சீனரிடையே அது அடுக்களைவரை சென்றது.

அடுக்களை என்றதும் அங்குறையும் தெய்வம் நினைவுக்கு வருகின்றது. ஆண்டின் கடைசித் திங்களில், வடக்கே 23ஆம் நாளும் தெற்கே 24ஆம் நாளும், அடுப்புக்குரிய கடவுள் விண்ணகஞ் சென்று அவ்வீட்டாரின் நடத்தைபற்றி மேலிடத்துக்கு அறிக்கை சமர்ப்பிப்பார் என்பது நம்பிக்கை. புறப்படுமுன் அவருக்கு ஒட்டும் தன்மையுடைய பாகு படைப்பர். சிலர் அதை அவர் படத்தின் உதட்டிலேயே பூசிவிடுவர். வாய் இனித்தால் நல்லது சொல்வார், ஒட்டிக்கொண்டால் ஒன்றுமே சொல்லார். எப்படியும் நன்மையே. நூற்றாண்டு பலவாக உத்தியோகத்தரின் ஆட்சியில் வாழ்ந்த குடிகளுக்கு, அவர்தம் வாயை அடைக்கும் வகையும் தெரிந்திருந்தது போலும். பக்தியும் குறும்பும் இத்துணை நெருங்கி வாழ்வதை வேறிடங்களில் எளிதிற் காணமுடியாது.

புத்தாண்டு முதனாளில் வீடு கூட்டலாகாது என்பது பிறிதொரு விதி. கூட்டினால் வந்த செல்வமும் குப்பையோடு வெளியேறும் என்பர். கத்தியெடுத்து வெட்டுதலும் ஆகாது என்பது பல ஊர்களில் வழக்கம். எனவே கறி முதலியவற்றை முன்னாளே ஆயத்தஞ் செய்துவிடுவர். விளக்குமாறும் கத்தியும் யாருடைய கையில் ஆண்டு முழுதும் இருந்தன என்று எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் அருமை புலனாகும். ஓய்வு என்று கேட்டுப் பெறமுடியாத பெண்ணுக்கு அதிர்ஷ்டத்தின் பெயரால் ஒருநாள் ஓய்வு கிடைத்தது. இதை ஏற்படுத்தியவள் ஒரு பெண்ணாகவே இருந்திருக்க வேண்டுமென்பது என் ஊகம்.

ஆயினும் கையை நிறுத்துவதில் வேறொரு வகையும் உண்டு. அதை அறிய லூ சுன் 1924ஆம் ஆண்டில் எழுதிய புத்தாண்டுப் படையல் பற்றிய கதைக்குச் செல்லவேண்டும். அதில் வரும் வேலைக்காரிக்குத் தன் பெயர்கூட இல்லை. இறந்த முதற் கணவனின் பெயரால் ‘சியாங்லின் மனைவி’ என்றே அழைக்கப்படுகின்றாள். மாமியார் அவளை வலிந்து இன்னொருவனுக்கு விற்றாள். அவனும் நோயால் மாண்டான். பிள்ளையை ஓநாய் கொண்டுபோயிற்று. பழைய எசமானின் வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது, படையலுக்குரிய பொருள்களை அவள் தொடலாகாது, தொட்டால் முன்னோர் ஏற்கமாட்டார் என்று விலக்கிவைத்தனர். குற்றங்கழுவ வழி கேட்டு, தன் கூலியைச் சேர்த்துக் கோயிலுக்கு ஒரு வாயிற்படி வாங்கிக் கொடுக்கின்றாள். இனித் தான் தூயவள் என்று எண்ணி, அடுத்த படையலின்போது கிண்ணங்களை எடுக்கப் போகின்றாள். விட்டுவிடு என்று எசமானி கூவுகின்றாள். அந்த ஒரு கூவலோடு அவள் உயிர் பாதி போய்விடுகின்றது. முடிவிற் பிச்சைக்காரியாகி, ஊர் முழுதும் நற்பேறு வேண்டிப் படையலிடும் ஆண்டிறுதியிலே இறக்கின்றாள். சாவதற்கு இந்த நேரந்தானா வாய்த்தது என்று எசமானர் சினக்கின்றார்.

சீன வீடுகளில் ‘குழந்தை சொல்லுக்குக் குற்றமில்லை’ என்று சிவப்புத் தாளில் எழுதி ஒட்டும் வழக்கமொன்று இருந்தது. விவரமறியாப் பிள்ளை நன்னாளிற் சாவென்றும் பிணமென்றும் உளறிவிட்டால் அது பலிக்காதிருக்கும் பொருட்டு இந்த முன்னேற்பாடு. எத்துணை அன்பான ஏற்பாடு! பிள்ளையின் வாய்க்கு மன்னிப்பு எழுதி ஒட்டிய சமூகம், கைம்பெண்ணின் கைக்கு அப்படியொரு தாள் எழுதவில்லை.

என் கருத்து இங்கேதான் சீர்திருத்தக்காரரோடு மாறுபடுகின்றது. 1912இற் குடியரசு பிறந்ததும் சீன அரசு மேனாட்டு நாட்காட்டியை ஏற்றது. 1914இற் பழைய புத்தாண்டுக்கு ‘வசந்த விழா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டளவில் நான்கிங் அரசு பழைய நாளை அடியோடு விலக்கி, வழக்கங்களையெல்லாம் சனவரி முதலாந் தேதிக்கு மாற்ற முயன்று தோற்றது. கலாசாரப் புரட்சியின்போது, 1967இல், விழாவுக்குரிய விடுமுறையும் நீக்கப்பட்டது. அது மீண்டது 1980இல். அடுப்புக் கடவுளும் சிவப்புத் தாளும் பழமையின் எச்சங்களென்று பழிக்கப்பட்ட காலம் அது. இத்தனைக்குப் பின்னும் மீன் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒலியொப்புமையை ஆணையிட்டு ஒழிக்க எவரால் இயலும்? மக்கள் பேசும்வரை அதுவும் இருக்கும். சினங்கொள்ள வேண்டியது மீன்மீது அன்று. நற்பேறு என்னும் எண்ணம் தன்னை நிலைநிறுத்துவதற்காக ஓர் ஆளைப் பிடித்து, இவளே தீப்பேறு என்று வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றதே, அவ்விடத்தின்மீது. லூ சுன் கண்டது அவ்விடத்தை. அதிகாரிகள் கண்டது பட்டாசை.

இன்று காற்று மறுபுறம் வீசுகின்றது. 2024 திசம்பரில் யுனெஸ்கோ இவ்விழா வழக்கங்களை மானிடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. மகிழத்தக்கதே. ஆனால் மரபு என்ற சொல்லுக்கு ஒரு தீங்குண்டு. அது எல்லாவற்றையும் ஒரே சிவப்புத் தாளிற் சுற்றிவிடும். மணஞ்செய்துகொடுத்த மகள் ஆண்டிறுதி இரவிலே பிறந்த வீட்டில் உண்ணலாகாது, உண்டால் உடன்பிறந்த ஆண்களின் செல்வங் குன்றும் என்னும் நம்பிக்கை பல மாவட்டங்களில் இன்னும் மறையவில்லை. இரண்டாம் நாளிலேயே அவள் கணவனோடு பெற்றோரைக் காண வரலாம். அவ்விதி பிறந்த காலத்தில் வீட்டில் மகன்மார் இருந்தனர். 1980 அளவில் தொடங்கி 2015வரை நிலவிய ஒற்றைக் குழந்தைச் சட்டத்தின்கீழ் பிறந்த மகளுக்குத் தமையனுமில்லை, தம்பியுமில்லை. யாருடைய செல்வம் குன்றுமென்று அவளை விலக்குவது? அவள் மாமியார் வீட்டு மேசையிலிருக்க, அவளைப் பெற்ற முதியோர் இருவர் தனியே ஒரு மீனை முன்வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர்.

இவ்வாண்டு கணவன் வீடு, மறுவாண்டு மனைவி வீடு என்று முறைவைத்துக்கொள்ளும் இளந் தம்பதியர் இன்று சீன நகரங்களிற் பலர். இரு வீட்டாரையும் ஒரே மேசைக்கு அழைத்துவிடுவோரும் உளர். ஒவ்வோர் ஆண்டும் அதன்பொருட்டுச் சச்சரவு எழாமலுமில்லை. அந்த மேசைகளிலும் மீன் இருக்கின்றது. அதிலும் ஒரு பகுதியை மறுநாளைக்கென்று விட்டுவைக்கின்றனர்.