பன்னிரண்டால் பெருக்குவதை நிறுத்துங்கள்

சீனாவில் வேலை கிடைத்தால் மூன்றே வருஷத்தில் கடனை அடைத்து வீடும் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் வலுவாகப் பரவியிருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கேளம்பாக்கம் என்று இன்ஜினீயர்கள் குடியிருக்கும் இடங்களிலெல்லாம் இதே பேச்சு. அதற்குக் காரணமும் உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. நாற்பது வயதுக்கு மேல் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை இந்த ஊர் பார்த்தது. மின்சாரக் காரானாலும் பேட்டரியானாலும் இன்று சீனாதான் முன்னால் நிற்கிறது. வேலை அங்கே இருந்தால் ஆள் அங்கே போவதில் தவறே இல்லை. பெண்டாட்டி பிள்ளையையும் அழைத்துப் போகிறவர்கள் போடுகிற கணக்குதான் தவறு. குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடிய தவறு அது.

அந்தக் கணக்கை ஒரு வீட்டில் நேரிலேயே பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் ஷாங்காய் வேலைக்கான ஆஃபர் லெட்டர். பக்கத்தில் வீட்டுக் கடன் பாஸ்புக். “முப்பத்தஞ்சாயிரம் யுவான் சார். இன்ட்டூ பன்னெண்டு. மாசம் நாலு லட்சத்து இருபதாயிரம்!” என்று போனில் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார் வீட்டுக்காரர். அப்போது யுவான் ஒன்றுக்கு ஏறத்தாழ 12 ரூபாய் என்பது சரிதான். அவர் மனைவி எதுவும் சொல்லவில்லை. தனியார் பள்ளியில் ஆசிரியை அவர். மகள் ஏழாம் வகுப்பு.

இந்தப் பெருக்கல் வளைகுடாவிலிருந்து வந்தது. துபாய்க்கும் சவூதிக்கும் போன நம் ஆட்களுக்கு அது பொருந்தியது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தங்குமிடம் பெரும்பாலும் கம்பெனி செலவு. முக்கியமாக, குடும்பம் ஊரிலேயே இருந்தது. பிள்ளை இங்கே படித்தது, வீட்டுச் செலவு ரூபாயில் நடந்தது. அந்த மிச்சத்துக்கு விலை, வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பார்த்த பிள்ளைகள். சீனாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர், குடும்பம் பிரிந்திருந்ததால் கிடைத்த அந்த மிச்சம் சேர்ந்திருக்கும்போதும் கிடைக்கும் என்று நம்புகிறார்.

அந்த வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சீனாவில் சம்பளத்துக்கு 3 முதல் 45 சதவீதம் வரை வரி. அடிப்படைக் கழிவு வருஷத்துக்கு 60,000 யுவான். வெளிநாட்டு ஊழியர்களும் சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும் என்பது 2011 முதல் விதி. ஊழியர் பங்கு ஓய்வூதியத்துக்கு 8, மருத்துவத்துக்கு 2, வேலையிழப்புக்குப் பொதுவாக 0.5 சதவீதம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. அதனால் ஊரில் பி.எஃப். கட்டுகிறேன் என்று சொல்லி விலக்கு வாங்க வழியில்லை. நாடு திரும்பும்போது ஓய்வூதியத்தில் தன் பெயரில் சேர்ந்ததைத் திரும்பப் பெறலாம். கம்பெனி கட்டிய பங்கு வராது.

ஆக, வருஷச் சம்பளம் 4,20,000 யுவானில் காப்பீட்டுக்கு 44,100 போகும். வரிக்குச் சுமார் 47,000. கைக்கு வருவது மாதம் 27,400. வாடகை, நகர மையத்தை விட்டுத் தள்ளி, 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஷாங்காயில் பேர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 2 லட்சம் யுவானைத் தாண்டும். 2 லட்சம் என்றே வைத்தாலும் மாதம் 16,700. மிஞ்சுவது 2,700 யுவான், நம் பணத்தில் 32,000 ரூபாய். அதில்தான் மூன்று பேர் சாப்பிட வேண்டும், மருந்து வாங்க வேண்டும், சிங்கப்பெருமாள் கோவில் ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ.யும் கட்ட வேண்டும். முதல் மாதம் இன்னும் மோசம். ஒரு மாத வாடகை முன்பணம், அதோடு மூன்று மாத வாடகை சேர்த்துக் கட்டுவது அங்கே பரவலான வழக்கம். 32,000 யுவான், ஏறத்தாழ 3,84,000 ரூபாய், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே எண்ணி வைத்தாக வேண்டும்.

“அரசுப் பள்ளியில் சேர்த்துக்கலாம், சீன மொழியும் வந்துரும்” என்பார்கள். சில நகரங்களில் இடம் கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தை ஒட்டிக்கொள்ளும். ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்கையும் அறிவியலையும் சீன எழுத்தில் படித்துக் கரையேறுவது பெரும் பாடு. மூன்று வருஷம் கழித்துத் திரும்பினால் பத்தாம் வகுப்பு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் உண்டு. அந்தப் பிள்ளை கடைசியாகத் தமிழ் எழுதியது ஏழாம் வகுப்பில்.

இனி அந்த ஆசிரியைக்கு வருகிறேன். ஆஃபர் லெட்டரைச் சுற்றி நடக்கும் எந்தப் பேச்சிலும் அவர் சம்பளம் கழித்தல் பக்கம் எழுதப்படுவதே இல்லை. குடும்பத்தாருக்குக் கிடைக்கும் எஸ்1 விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. அங்கே அவர் சம்பாதிக்க வேண்டுமென்றால், தனியாக ஒரு நிறுவனம் முன்வந்து, தனியாக வேலை அனுமதி வாங்கித் தர வேண்டும். இங்கே அவர் மாதாமாதம் கொண்டுவந்த பணம், பி.எஃப்., அனுபவக் கணக்கு மூன்றும் நின்றுபோகும். திரும்பி வந்தால் மூன்று வருஷம் ஏன் வேலையில் இல்லை என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். கணவரின் முன்னேற்றம் என்று பேசப்படுவதில் ஒரு பகுதி மனைவியின் சம்பளத்தை எழுதாமல் விட்டதால் தெரிவது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். சிறுசேரியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் கதை இதுதான். அவர்களில் பலர் கணவரைவிட அதிகம் சம்பாதிக்கிறவர்கள்.

காகித வேலையையும் லேசாக நினைக்கிறார்கள். திருப்போரூரிலோ திருக்கழுக்குன்றத்திலோ கோயிலில் தாலி கட்டியதோடு சரி, சார்பதிவாளர் அலுவலகம் பக்கம் போகாத தம்பதிகள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயம். எஸ்1 விசாவுக்குக் கல்யாணப் பத்திரிகை செல்லாது. சான்றிதழுக்கு வெளியுறவுத் துறை முத்திரையும் அதன்மேல் சீனத் தூதரக முத்திரையும் வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது. கணவர் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்திருக்கும், மகளின் பிறப்புச் சான்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும். அந்த ஓர் எழுத்துக்காக எல்லாம் திரும்பி வரும்.

கிளம்பும் தேதியும் பணம்தான். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இங்கே வசிப்பவர். சீனச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். செப்டம்பர் 28க்குள் கிளம்பியவருக்கும் ஜனவரியில் கிளம்பியவருக்கும் இது பெரிய வித்தியாசம்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று, கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாதது. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் நரேந்திர மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது இந்தக் கடற்கரையே திருவிழாவாக இருந்தது. பல்லவர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பியது, சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது எல்லாம் பேசப்பட்டன. அந்த வரலாறு உண்மை, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் எட்டே மாதத்தில் எல்லையில் கல்வான் மோதல். 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அங்கே வாட்ஸ்அப் முடக்கம், இங்கே வீசாட் தடை. பேத்தி முகத்தைப் பார்க்க ஏங்கும் பாட்டிக்கு எதில் வீடியோ கால் போடுவீர்கள்? அதே ஆண்டு நவம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி, செல்லுபடியாகும் விசாவும் குடியிருப்பு அனுமதியும் வைத்திருந்த இந்தியர்களுக்கே சீனா கதவைச் சாத்தியது. வேலை விசாவுக்கும் குடும்ப விசாவுக்கும் மறுபடி வழி திறந்தது 2022 ஜூனில். நிறுத்தப்பட்ட நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்றுதான் திரும்பியது, அதுவும் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு. விடுமுறைக்கு ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களின் வீட்டுச் சாமானும் முன்பணமும் அங்கேயே கிடந்தன.

சீனா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்கறி, மெட்ரோ, ரயில் எல்லாம் கட்டுப்படியாகும், இரவில் பெண்கள் தைரியமாக நடக்கலாம், தொழில் கற்க அதைவிட நல்ல இடம் இன்று குறைவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள். வெளிநாட்டு ஊழியரின் வீட்டு வாடகையையும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் கம்பெனி ரசீதின் பேரில் ஈடுகட்டினால், அந்தத் தொகைக்கு 2027 டிசம்பர் 31 வரை வரி இல்லை. அதையே சம்பளத்தோடு சேர்த்து ரொக்கமாகத் தந்தால் வரி உண்டு. ஆகவே “மொத்தமாகச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம்” என்றால் மயங்காதீர்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போக டிக்கெட், வேலை பறிபோனால் எல்லோரும் திரும்பிவரச் செலவு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வேலை அனுமதி போனால் குடும்பம் அங்கே தங்கும் அனுமதிக்கும் அடிப்படை போய்விடும் என்பதால் கடைசி வரி மிக முக்கியம்.

எழுதித் தர மறுக்கிறார்களா? தனியாக ஒரு வருஷம் போய்ப் பாருங்கள். பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்காத வேலைக்காக மனைவியை ராஜினாமா செய்ய வைக்காதீர்கள், பிள்ளையின் டி.சி.யை வாங்காதீர்கள்.