சிரிப்பதை விடுத்துத் திருத்துவோம்

பிள்ளையின் பாடசாலைக்கு நாம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுகிறோம். அதை வாசிக்கும் பிள்ளை, "இப்படி யாரும் எழுதமாட்டார்கள், அம்மா" என்று சிரிக்கிறது. அடுத்த முறை எழுதவே தயங்குகிறோம். நம்மிற் சிலரோ, தமிழ் பேசுவதாலேயே ஆங்கிலம் பழுதுபடுகிறது என்று முடிவு செய்து, வீட்டிலும் தமிழைக் கைவிட்டுவிடுகிறோம். இம்முடிவு தவறானது என்பதே நமது கருத்து.

குறை தமிழில் இல்லை. தமிழ்த் தொடரின் அமைப்பை நம்மையறியாமலே ஆங்கிலச் சொற்களுக்குள் புகுத்திவிடுகிறோம். 'பத்து ஆண்டுகளாக இங்கு வாழ்கிறேன்' என்பது நல்ல தமிழ். அதையே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என எழுதினால் ஆங்கிலம் இடறுகிறது. முன்பு தொடங்கி இன்றும் தொடரும் செயலைக் கூறத் தமிழுக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலமோ அதற்கு வேறொரு வினை வடிவத்தை வேண்டுகிறது. தொடங்கிய காலத்தைச் சுட்டுவது 'சின்ஸ்'. கால அளவைச் சுட்டுவது 'ஃபோர்'. ஆகவே, 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்பதே செம்மையான தொடர்.

மாணவச் செல்வங்களே! 'நான் ஒரு குளிப்பு எடுத்தேன்' என்று நீங்கள் கூறும்போது நாமும் சிரிக்கிறோம். தமிழில் 'குளித்தேன்' என்ற ஒரு சொல்லே போதும். உங்கள் தவறும் பெற்றோரின் தவறும் ஒன்றே. திசை மட்டுமே வேறு. இரு மொழிகளின் அமைப்பையும் ஒப்பிட்டு அறிந்தவருக்கே இத்தவறு கண்ணிற்படும். அவ்வகையில் தமிழ் வகுப்பு உங்கள் ஆங்கிலத்துக்கும் துணையாகிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தெளிவின்றி எழுதுவதுண்டு. பிரித்தானிய அரச அலுவலர்களின் சுற்றிவளைத்த நடையைத் திருத்தவே சர் ஏர்னஸ்ட் கவர்ஸ் 1948இல் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூலை எழுதினார். 'இன் வியூ ஒஃப் த ஃபக்ட் தட்' என்று நீட்டுவதை விட 'பிகோஸ்' என்பது மேலன்றோ! 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் குற்றங்களாகவும், சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அழகுகளாகவும் வகுத்துள்ளது. நல்ல நடையின் இலக்கணம் இரு மொழிக்கும் பொதுவானதே.

எனவே பெற்றோரும் பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் சேர்ந்து அமர்வோம். பெற்றோரின் ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளையும், பிள்ளையின் தமிழ்க் கட்டுரையைப் பெற்றோரும் உரக்க வாசிப்போம். நா தடுக்கும் இடத்தில் நின்று, 'இது எந்த மொழியின் அமைப்பு?' என்று வினவுவோம். மிகையான சொற்களை நீக்கி மீண்டும் எழுதுவோம்.

ஒருவர் தவறைக் கண்டு மற்றவர் சிரிக்கும் வீட்டில் இரு மொழிகளும் நலியும். ஒருவர்க்கொருவர் ஆசிரியராகும் வீட்டில் இரண்டும் தழைக்கும். எந்த வீட்டை அமைப்பது என்பது நம் கையிலேயே உள்ளது.