நவீன ஓவிய அருங்காட்சியகம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தேசிய நவீன கலைக்கூடம் தில்லியில் 1954-லும் மும்பையில் 1996-லும் பெங்களூரில் 2009-லும் திறக்கப்பட்டது. 1850-லேயே ஓவியப் பள்ளி கண்ட சென்னைக்கு அது இன்னும் வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சமகால ஓவியத்துக்கு ஒரு கூடம் உண்டு, போதாது. சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் ஓவியர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கியவர்கள் அவர்கள். பொதுப்பணத்தில் இங்கே ஒரு நவீன ஓவிய அருங்காட்சியகம் வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. எங்கே, யாருக்காக என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது.

நவீன ஓவியம் சாமானியருக்குப் புரியாது என்று அதிகாரிகள் மட்டுமல்ல, ஓவியர்களே சொல்வதுண்டு. நாங்கள் ஏற்கவில்லை. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் காவலாளி ஒருவரே அதற்கு மாதிரியாக நின்றார் என்பார்கள். இன்று அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர்; நடத்துனர் குரல் கொடுத்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைத் தமிழர்கள் பலர் முதலில் பார்த்தது கலைக்கூடத்தில் அல்ல. ஜூனியர் விகடன் இதழில், எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடரோடு. புரியவில்லை என்று அந்தப் பக்கத்தை யாரும் கிழித்துப் போடவில்லை.

ஆகவே, மின்சார ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ வந்து இறங்கி நடக்கும் தூரத்தில் இடம் பார்க்க வேண்டும். கார் இல்லாமல் போக முடியாத கடற்கரைச் சாலை மனை எங்களுக்கு வேண்டாம். வடசென்னையை முதலில் பரிசீலிக்கக் கோருகிறோம். அதே சமயம், குடியிருக்கும் மக்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டுக் காலி செய்த நிலம் என்றால், எவ்வளவு அழகான கட்டடமானாலும் எதிர்ப்போம். இதில் பேரம் இல்லை.

மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் வேலைக்குப் போகிறவர் எப்போது வருவார்? இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும். படங்களுக்கு அருகே உள்ள குறிப்புகள் தமிழில், பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்து விளங்கிக்கொள்ளும்படி இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் பற்றி எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட் ஒரு கணக்கு. உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் கூடாது என்றே முடிவெடுத்தோம்.

ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்த பேனர், கட் அவுட் ஓவியர்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். இருபதடி முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் அவர்கள் கைவித்தையை எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுப்பதில்லை. அருங்காட்சியகத்தின் பயிற்சிக்கூடத்தில் அவர்கள் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக இருக்க வேண்டும், தொடக்க விழாவுக்கு வந்து போகும் விருந்தாளிகளாக அல்ல.

முகப்புக்குச் செலவிடும் முன் ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கூடத்துக்கு நிதி ஒதுக்குங்கள். கடற்காற்றின் ஈரத்தில் கேன்வாஸ் பூசணம் பிடிக்கிறது. மறைந்த ஓவியர்களின் படைப்புகள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றை நம்பி ஒப்படைக்க ஓர் இடம் இல்லை.

அருங்காட்சியகத்தின் வரைபடம் இறுதியாகும் முன் அதைத் தமிழில் வெளியிட்டு, தேர்ந்தெடுக்கும் பகுதியிலேயே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அது நடக்காத வரை எந்த ஆலோசனைக் குழுவிலும் எங்கள் சங்கத்தினர் உறுப்பினராக மாட்டார்கள்.