வீடும் சரக்கானால் விவரம் வேண்டும்

அமெரிக்காவில் வீட்டையும் ஆலையில் செய்து, லாரியில் ஏற்றி விற்கிறார்கள். நம்மவர் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறியிருப்பதால், இந்தச் சரக்கின் தன்மையை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

ஆலை வீட்டில் இரண்டு முக்கிய ரகங்கள் உண்டு. ஒன்று 'மேனுபாக்சர்டு'. 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான மத்திய அரசு விதிப்படி இது கட்டப்படுகிறது. பெரும்பாலும் அடியில் லாரிக்கு உள்ளது போன்ற இரும்புச் சேஸிஸ் இருக்கும். வெளிப்புறத்தில் சிவப்புத் தகடு அடித்திருப்பார்கள். மற்றது 'மாடுலர்'. பகுதி பகுதியாக வந்து, மனையில் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பொருத்தப்படும். மனையிலேயே கட்டும் வீட்டைப் போல் மாநில, உள்ளூர்க் கட்டட விதிகளே இதற்கும் பொருந்தும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். வேறுபாடு கடன் கேட்கும்போதுதான் தெரியும். மாடுலருக்கு வழக்கமான வீட்டுக் கடன் கிடைக்கும். மேனுபாக்சர்டு வீட்டை மனையோடு சேர்த்துப் பதிவு செய்யாவிட்டால், பல மாநிலங்களில் அது அசையும் சொத்தாகவே கருதப்படும். அந்தக் கடனுக்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. வாடகை மனையில் வைத்தவர்கள், வாடகை ஏறினாலும் எளிதில் பெயர்த்துச் செல்ல முடியாது. பெயர்க்கவே ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும்.

இதனால் மேனுபாக்சர்டு மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. விலை குறைவாக இருப்பதால் எளியவர்களுக்குச் சொந்தக் கூரை தருவது அதுவே. ஆனால் எந்த ரகம், எந்த விதி, எந்தக் கடன் என்பதை முன்பணம் வாங்குமுன் சொல்வது விற்பவர் கடமை. இரண்டாம் ரக அரிசியை முதல் ரகம் என்று விற்றால், வாடிக்கையாளர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். ரகம் தெரியாமல் வீடு வாங்கியவர் எங்கே போவார்?