ராணியைத் தனியே அனுப்பாதீர்கள்!



நீடாமங்கலம் பக்கத்தில் பூவனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டுள்ள சிவபெருமானின் பெயரே சதுரங்க வல்லபநாதர்தான்! யாராலும் வெல்ல முடியாத இளவரசி ராஜராஜேஸ்வரியை, இறைவன் முதியவர் வேடத்தில் வந்து சதுரங்கத்தில் வென்றார் என்பது தல வரலாறு. இந்த மண்ணில் பிறந்துவிட்டுச் செஸ் ஆடாமல் இருக்கலாமா? விடுமுறை வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து செஸ் போர்டுகள் விரிந்துவிடும்.

ஆனால், எனக்கு ஒரு குறை. நம் பிள்ளைகள் பலர் இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே ஓட்டுகிறார்கள். நாலே நகர்த்தலில் ஜெயிக்க ஆசை! எதிராளி விவரமானவன் என்றால், ராணியை விரட்டி விரட்டியே தன் காய்களை வெளியே கொண்டுவந்துவிடுவான். கடைசியில் ராணி போய்விடும்; கண்ணில் நீர் வந்துவிடும்.

ராணிக்குத் துணை வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் குதிரையாக இருந்தால் நல்லது என்பது என் கருத்து. ஏன் தெரியுமா? ராணி, யானையைப் போல நேராகப் போகும். மந்திரியைப் போல மூலைவாட்டில் போகும். அதனால் முடியாதது ஒன்றே ஒன்றுதான்: குதிரையைப் போலத் தாண்டுவது! அந்தக் குறையைக் குதிரை தீர்த்து வைக்கிறது.

நம் வயலையே பாருங்கள். டிராக்டர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவோ உழுதுவிடும். ஆனால் வயலின் மூலையைக் கொத்த மண்வெட்டிதானே வேண்டும்? அங்கே இன்னொரு டிராக்டர் வந்தும் பயனில்லை.

இப்போது போர்டை எடுங்கள். கறுப்பு ராஜா ஹெச்8, யானை எஃப்8, சிப்பாய்கள் ஜி7, ஹெச்7. வெள்ளை ராணி சி4, குதிரை ஜி5. வெள்ளை ராஜாவை ஆபத்தில்லாத ஓர் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆட்டம் வெள்ளையுடையது.

குதிரை எஃப்7க்குப் போய் செக் சொல்கிறது. யானை அதை வெட்டினால், ராணி யானையை வெட்டிவிடும். அதனால் ராஜா ஜி8க்கு நகர்கிறார். குதிரை ஹெச்6க்குத் தாவுகிறது. இப்போது குதிரையும் செக், வழி திறந்ததால் ராணியும் செக்! ராஜா மறுபடி ஹெச்8க்கு ஓடுகிறார். அடுத்து ராணி துணிந்து ஜி8க்கே போய் செக் கொடுக்கிறது. குதிரை காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்7க்குத் தாவுகிறது. செக்மேட்! தன் யானையும் சிப்பாய்களுமே ராஜாவுக்குச் சிறை ஆகிவிட்டன.

ஸ்பெயின் நாட்டில் லூசெனா என்பவர் 1497இல் வெளியிட்ட நூலிலேயே இந்த உத்தி இருக்கிறது. ராணி இத்தனை பலம் பெற்றதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த காய், மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும். குதிரையின் தாவல் மட்டும் அன்று முதல் இன்று வரை மாறவே இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில், வேட்டி சட்டையோடு வணக்கம் சொன்ன ‘தம்பி’யும் ஒரு குதிரைதானே!

ஆசிரியராக இருந்தபோது நானும் ஒரு தவறு செய்தேன். அறிவியல் கண்காட்சிக்கு ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து பேருமே நன்றாகப் படிப்பவர்கள். அழகாக எழுதினார்கள், அருமையாகப் பேசினார்கள். ஆனால் செய்து வைத்த மோட்டார் சுற்றவில்லை! வேடிக்கை பார்க்க வந்த கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், அப்பாவுடன் பம்புசெட் வேலைக்குப் போய்ப் பழகியவன், ஒயரை மாற்றிச் செருகினான். மோட்டார் சுற்றியது. அவனை நான் குழுவில் சேர்க்கவே இல்லையே என்று வெட்கப்பட்டேன்.

நீங்கள் வகுப்பில் முதல் மாணவராக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் ராணி. உங்களால் முடியாததைச் செய்யும் குதிரை ஒன்று உங்கள் வகுப்பிலேயே இருக்கும். நாளைக்கே அதைத் தேடிப்போய் பக்கத்தில் உட்காருங்கள். செய்வீர்களா?