அணைக்கும் முன் படியுங்கள்

நெட்வொர்க் நின்றால் நம் அலுவலகங்களில் முதலில் நடப்பது ஒன்றுதான்: ராக்கைத் திறந்து ஸ்விட்சின் பவர் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். "சார், ஸ்விட்ச் ஹேங் ஆயிடுச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டோம், இப்ப ஓடுது" என்று எனக்குப் போனும் வரும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கல்லூரிகளுக்கும் மில்களுக்கும் நெட்வொர்க் பராமரிக்கிறவன் நான். ஓடுது என்று கேட்கும்போதுதான் எனக்குக் கவலை தொடங்கும். ஏன் நின்றது என்பதற்கான எழுத்துச் சாட்சி அந்த நொடியே அழிந்திருக்கும்.

மேனேஜ்டு ஸ்விட்ச் எதுவானாலும் தனக்கு நேர்வதை வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும்; அதுதான் லாக். பெரும்பாலும் எழுதுவது தன் ராமில். சிஸ்கோவின் பல மாடல்களில் அதற்கு ஒதுக்கிய இடம் வெறும் 4096 பைட். மின்சாரம் போனால் அத்தனையும் போச்சு.

ஒரு பொறியியல் கல்லூரியில் லேப்பின் ஒரு வரிசை அடிக்கடி செத்துப்போகும்; ரீஸ்டார்ட் செய்தால் உயிர் வரும். ஸ்விட்ச் பழுது என்று முடிவுகட்டி, புதியதற்குக் கொட்டேஷனும் வாங்கிவிட்டார்கள். அடுத்த முறை நின்றால் யாரும் கை வைக்காதீர்கள் என்றேன். கன்சோல் கேபிளை மாட்டி 'ஷோ லாகிங்' கொடுத்ததும் இரண்டு வரிகள் கிடைத்தன. ஒன்று 'ஸ்பான்ட்ரீ-2-பிளாக்_பிபிடியுகார்ட்', மற்றொன்று 'பிஎம்-4-எர்_டிசேபிள்'. இரண்டிலும் போர்ட் எண் 17.

கம்ப்யூட்டர் மட்டும் இருக்கவேண்டிய போர்ட்டில், ஸ்விட்சுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சிக்னல் வந்திருக்கிறது. லூப் ஆகிவிடக் கூடாது என்று அந்தப் போர்ட்டை மூடிவிட்டேன் என்று ஸ்விட்ச் சொல்வதே அந்த வரிகளின் பொருள். 17-இன் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், மேசைக்கு அடியில் அந்த வரிசையை இணைக்கும் எட்டு போர்ட் குட்டி ஸ்விட்ச் ஒன்று. லேப்டாப்பிலிருந்து கழற்றிய கேபிள் முனை தொங்க வேண்டாமே என்று மாணவர்கள் அதையும் அதே குட்டி ஸ்விட்சில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வகுப்பு அதை உருவி எடுத்துக்கொள்ளும். ஆனால் மூடிய போர்ட் தானாகத் திறக்கும்படி அங்கே செட் செய்யப்படவில்லை. ஆள் திறக்க வேண்டும், அல்லது ரீஸ்டார்ட். வேலையை ஒழுங்காகச் செய்த ஸ்விட்சுக்கு அந்தக் கல்லூரி மாற்று தேடிக்கொண்டிருந்தது.

இந்த வரிகளைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். முதலில் எந்தப் பகுதி பேசுகிறது, அடுத்து எவ்வளவு தீவிரம், பிறகு என்ன நடந்தது. தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை எண். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய லாக் முறையான சிஸ்லாகிலிருந்து வந்த இந்த வரிசையை 2009-இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5424-உம் அப்படியே வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் நம்பியும் பயனில்லை. யாரோ கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலே 'லிங்க்-3-அப்டவுன்' வரும், அது பழுதல்ல. இரு முனையிலும் டூப்ளெக்ஸ் (அனுப்பிப் பெறும் முறை) பொருந்தாமல் நாள் முழுக்க நெட்வொர்க் மெதுவாக ஊர்ந்தாலும் வருவது 4-தான். எந்தப் போர்ட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்தவர் படித்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும்.

கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது லாக் படிக்க யாருக்கு நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிரதி எடுக்க ஒரு நிமிடம் போதும். ஒரு பழைய கம்ப்யூட்டரை சிஸ்லாக் சர்வராக்கி ஸ்விட்சை அதற்கு அனுப்பச் சொல்லிவிட்டால் அந்த நிமிடமும் மிச்சம். கூடவே கடிகாரத்தையும் சரிசெய்யுங்கள். நேரம் அமைக்காத பழைய சிஸ்கோ ஸ்விட்ச் 1993 மார்ச் 1-இலிருந்து எண்ணத் தொடங்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு நேற்று மாலை நடந்ததைத் தேட முடியாது.

லாகுகளை 180 நாள் பத்திரப்படுத்தவும், கடிகாரங்களைப் பொது நேரத்தோடு ஒத்துவைக்கவும் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் சேர்த்துவைப்பது மட்டும் பழுதைக் கண்டுபிடித்துவிடாது. யாருடைய வேலை அதைப் படிப்பது என்று பெயர் போட்டு எழுதிய நிறுவனங்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஆகவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை (ஏஎம்சி) புதுப்பிக்கும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள். லாகைப் பிரதி எடுக்காமல் எந்த ஸ்விட்சையும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினால் போதாது. காரணமாகக் கண்ட வரியையும் சேர்த்து எழுத வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இதனால் கொஞ்சம் வேலை கூடும். வரியைக் காட்டாமல் ஸ்விட்சை மாற்றச் சொல்கிறவருக்கு, அது நானாகவே இருந்தாலும், செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.